இரண்டாவது வாந்தி

பூட்டுக்காரன் மனைவி முதல் தடவை வாந்தி எடுத்தபோது அதைப் பார்க்க அரசாங்கத் தரப்பில் ஒருத்தரும் இல்லை. பிறகு வந்த கோளாறெல்லாம் அதனால்தான் வந்தது. சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டில், தன் பாட்டுக்கு எடுத்துவிட்டாள் பாவி. சட்டம் தெரிந்த பெண்ணாக இருந்தால் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் மத்தியானம் வறுத்த கோழி, பாத்திரத்தோடு அடுப்பு மேலேயே கிடந்தது. ஃபிரிட்ஜில் அவன் எடுத்து வைத்திருப்பான் என்று அவள் நினைத்தாள். அவள் வைத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் முக்கியமான வேலைகள் எல்லாம் இப்படித்தான் நடக்கும். ராத்திரி முழுக்கப் புழுக்கம். காலையில் அவள் கோழியைச் சின்னத் தீயில் லேசாக வெதுவெதுப்பாக்கி, சோற்றோடு போட்டுச் சாப்பிட்டாள். பூட்டுக்காரனுக்குக் கடைவாய்ப் பல் நாலைந்து நாளாகவே உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கஞ்சியை மட்டும் உறிஞ்சிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறும் நேரத்தில் அவளுக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. வயிற்றைத் துணி பிழிகிற மாதிரி முறுக்குகிறது என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் தொட்டிக்கு ஓடினாள். அதற்கப்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிப் போக, பூட்டுக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டை மட்டும் பூட்டிக்கொண்டு, கடையைக்கூடச் சாத்தாமல், வாடகை வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பெரிய ஆஸ்பத்திரியின் முன்பாதி இப்போது ஆஸ்பத்திரி இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. ஏதோ ஒரு விருந்தில் ஒரு மந்திரிக்கு வயிறு கலங்கிவிட்டதாம். மறுநாளே 'உணவு நச்சு ஒழிப்புப் படை' என்று ஒன்று கிளம்பிவிட்டது. சிறைச்சாலையில் கைதிகள் மேல் கைநீட்டியதற்காக வேலை போன வார்டர்கள், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள், சும்மாவே யாரையாவது நாலு சாத்து சாத்தினால்தான் சாப்பாடு இறங்கும் என்கிற ஆசாமிகள், எல்லாரும் அதில் இருந்தார்கள். டாக்டர்கள் பின்கட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். வாசல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'வாந்தி, பேதி, வயிற்று முறுக்கு, காய்ச்சல், நாக்கு வறட்சி. இவற்றுள் எது இருந்தாலும் அமைதி காக்கவும்.'

பூட்டுக்காரன் அமைதி காத்தான். அவன் மனைவியால் முடியவில்லை. நுழைந்தவுடன் பெஞ்சில் சாய்ந்தபடியே மறுபடி எடுத்துவிட்டாள். உடனே நீலத் தொப்பி போட்ட ஏட்டு ஒருவன் தடியோடு ஓடி வந்தான். அவன் வாந்தியைக் கவனிக்கிற மேல் பிரிவு. எதிர்ப்பக்கத்திலிருந்து மஞ்சள் தொப்பி ஏட்டு ஒருவன் ஓடி வந்தான். அவன் கீழ்ப் பிரிவு.

"எது முதல்ல வந்துச்சு?" என்றான் நீலத் தொப்பி.

"வாந்திங்க," என்றான் பூட்டுக்காரன்.

"அப்ப எங்க கேஸ்."

"இப்ப என்ன வருது?" என்றான் மஞ்சள் தொப்பி.

பூட்டுக்காரன் அவன் காதோடு சொன்னான்.

"அப்ப எங்க கேஸ்."

நீலத் தொப்பி அவள் தோளைப் பிடித்தான். மஞ்சள் தொப்பி காலைப் பிடித்தான். ரெண்டு பேரும் இழுத்தார்கள். "ஐயா, அவ ஒரே ஆளுங்க!" என்று கத்தினான் பூட்டுக்காரன். அது சட்டப்படி சரியான வாதம் இல்லை என்பதால் ரெண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீலத் தொப்பி, எதிராளியின் தொப்பியைத் தடியால் தட்டிவிட்டான். மஞ்சள் தொப்பி அவன் முட்டியில் ஒன்று போட்டான். இரு பிரிவிலிருந்தும் ஆட்கள் பாய்ந்தார்கள். முத்திரை குத்திய வாளிகள் பறந்தன. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்தான். கடிபட்டவன் "கடி எந்தப் பிரிவுலயும் வராதுடா!" என்று அழுதான். இந்தக் கலவரத்துக்கு நடுவில் ஒரு நர்ஸ் குனிந்து வந்து, நோயாளியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் லாவகத்தைப் பார்த்தால், தினமும் செய்கிற வேலை என்று தெரிந்தது.

நடைபாதையில் பாயைப் போட்டுப் படுக்கவைத்து, புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள் நர்ஸ். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

"அண்ணே, இங்க பாருங்க. தோல் கீழ போக மாட்டேங்குது. கண்ணு உள்ள போயிடுச்சு. ஒண்ணுக்குப் போயி எவ்வளவு நேரமாச்சு?"

"காலைல போனதோட சரி."

"உடம்புல தண்ணியே இல்ல. வாயில குடுத்தா தங்க மாட்டேங்குது. ஊசி வழியா ஏத்தியே ஆகணும். இருட்டறதுக்குள்ள ஏத்தலைன்னா..." என்று நிறுத்திவிட்டாள்.

"ஏத்துங்க சிஸ்டர்! எதுக்கு நிக்கிறீங்க?"

நர்ஸ் கண்ணால் காட்டினாள். பாய்க்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட பீரோ. உள்ளே சலைன் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கதவில் சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. "உணவு நச்சுன்னு அங்கீகாரம் ஆனாத்தான் திறப்பாங்க. சாவி படைத் தலைவர் இடுப்புல இருக்கு," என்றாள்.

பூட்டுக்காரன் கண் தன்னால் அந்தப் பூட்டின் மேல் போய் விழுந்தது. அதைப் பூட்டு என்று சொல்வதே தப்பு. கொண்டை ஊசி இருந்தால் போதும், தும்மல் போடுகிற நேரத்தில் வாயைப் பிளந்துவிடும். ஆனால் தொழிலில் அவனுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. உடையவர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டிலும் கை வைக்க மாட்டான். பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் தன் அண்ணன் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியபோதுகூட, அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவன். கையைப் பையில் விட்டுக்கொண்டு படைத் தலைவரைப் பார்க்கப் போனான்.

தலைவர் அறைச் சுவரில் மனிதக் குடலின் படம், போர்க்கள வரைபடம் மாதிரி, ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அங்கங்கே குட்டிக் கொடிகள் குத்தியிருந்தார்கள். தலைவர் ஒரு பிரம்பால் சிறுகுடலைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"ஒருத்தர் வாந்தி எடுத்தா அது குணம். ரெண்டு பேர் எடுத்தாத்தான் குற்றம். புரியுதா? ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரணும். அப்பத்தான் உணவு நச்சு. உன் பொண்டாட்டி தனியா எடுத்திருக்கா. அது சொந்த வாந்தி. சொந்த வாந்திக்கு அரசாங்கத் தண்ணியை ஏத்தச் சொல்றியா?"

"இருட்டறதுக்குள்ள ஏத்தலைன்னா செத்துடுவாளாம் ஐயா."

"செத்தாலும் ஒண்ணுதானே? ரெண்டு ஆகாதே." தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு திடீரென்று பிரம்பை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "அது சரி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். அவ விழுந்து கிடக்கா, நீ ராஜா மாதிரி நிக்கிற. எப்படி?"

"பல்வலிங்க. நான் சாப்பிடலை."

"ஓஹோ. நேத்து இல்லாத பல்வலி இன்னிக்கு வந்துச்சாக்கும்."

"நாலைஞ்சு நாளாவே இருக்குங்க. ஐயா, என்ன ஆச்சுன்னு நானே சொல்லிடறேன். கோழி ராத்திரி பூரா வெளியவே கிடந்துச்சு. காலைல சரியா கொதிக்க வைக்கலை. அவ்வளவுதாங்க."

தலைவருக்கு முகம் சிவந்தது. பிரம்பு மேஜை மேல் இறங்கிய வேகத்தில் பெருங்குடலிலிருந்து ஒரு கொடி கழன்று விழுந்தது. "காரணத்தை நீயே சொல்லிட்டா நாங்க எதுக்குடா இருக்கோம்? சமைச்சதை வெளிய போட்டு வைக்கிறது, பழசை அரைகுறையா சூடு பண்றது, கை கழுவாம பிசையறது, பச்சைக் கறி வெட்டின பலகையிலயே தக்காளி நறுக்கறது, இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எல்லாம் அலட்சியம். அலட்சியத்துக்கு விலங்கு மாட்ட முடியுமா? அலட்சியத்தை லாக்கப்புல வச்சு உதைக்க முடியுமா? எனக்கு கை வேணும், கால் வேணும், முதுகு வேணும். சோதனைக்குக் கிளம்புங்கடா!"

பூட்டுக்காரனையும் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் மரியாதையாகச் சாவியை எடுத்து நீட்டினான். நீலத் தொப்பி ஏட்டு அதைக் கேவலமாகப் பார்த்தான். "சாவி போட்டுத் திறந்தா அது சோதனை இல்லய்யா, விருந்து," என்று சொல்லிவிட்டு, கதவை எட்டி உதைத்தான். பூட்டுக்காரன் தன் கையால் செய்த பூட்டு அது. மூன்று உதைக்குத் தாங்கியது. அத்தனை வேதனையிலும் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உள்ளே நடந்ததைச் சோதனை என்று சொன்னால் சூறாவளிக்குக் கோபம் வரும். தண்ணீர்க் குடத்தைத் தடியால் பிளந்தார்கள். மாவு டப்பாவைச் சுவரில் அடித்தார்கள். ஃபிரிட்ஜின் வயிற்றில் பூட்ஸ் காலால் உதைத்து, "வேலைன்னு ஒண்ணு வந்தா நீ எங்கடா போன?" என்று கேட்டார்கள். காய்கறிப் பலகைக்கு விலங்கு மாட்டினார்கள். அரிவாள்மனை எதிர்ப்புக் காட்டியதில் ஒருவனுக்கு விரலில் வெட்டு. அதற்காக அதை மிதி மிதி என்று மிதித்ததில் உள்ளங்காலிலும் வெட்டு. கடைசியில் அடுப்பு மேலிருந்த கோழிப் பாத்திரத்தைக் கேடயம் பிடித்தவர்கள் நாலா பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். "அசையாதே!" என்று ஒருவன் கத்தினான். பாத்திரம் அசையவில்லை. "பாத்தியா, குற்ற உணர்ச்சி," என்றான் இன்னொருவன்.

திரும்புகிற வழியில் கோழிக்கடைக்காரரைக் கடையோடு பெயர்த்து எடுத்தார்கள். அவர் பாவம், கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே மூக்குக் கண்ணாடி தெறித்துவிட்டது.

"இவன் வாங்கின கோழி எப்படிச் செத்துச்சு?" என்றான் மஞ்சள் தொப்பி ஏட்டு.

"நேத்து காலைல அறுத்ததுங்க. புதுசு. அதுவரைக்கும் உயிரோடதான் இருந்துச்சு. உங்க மேல சத்தியமா!"

"உயிரோட இருந்ததை நீதான் கொன்னேன்னு ஒத்துக்கறே."

"கோழிங்க அது!"

"செத்தது யாருங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். கொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு." அடுத்த நாலு அறையில் கடைக்காரர் தன் வாழ்நாளில் அறுத்த அத்தனை கோழிகளுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். படையில் எல்லாருக்கும் திருப்தி. ஆனாலும் அங்கீகாரத்துக்கு அது உதவாது என்று தலைவர் சொல்லிவிட்டார். குற்றவாளி கிடைத்துவிட்டான், குற்றம் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாவது வாந்தி எங்கே? ஆதாரப் பாத்திரத்தைத் தன் அறைக்கே அனுப்பச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடைபாதையில் அவன் மனைவிக்கு உதடு வெடித்துக் கிடந்தது. நர்ஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பார்த்தாள். ரெண்டு கரண்டி உள்ளே போனால் மூணு கரண்டி வெளியே வந்தது. கெண்டைக்கால் சதை அவளுக்கு இழுத்து இழுத்துப் பிடித்தது. பூட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். ஜீப்பில் அள்ளிப் போட்டதில் அவன் சட்டை கிழிந்திருப்பதைப் பார்த்து அவள் அழப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ரெண்டு பேர் வேணுமாம். நீ ஒருத்திதான் சாப்பிட்டியாம். இன்னொருத்தர் எடுக்கணுமாம்."

அவள் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "என்னங்க... கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து எனக்காக ஒண்ணு செஞ்சிருக்கீங்களா? ஒரு புடவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனதில்ல, ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. போங்க, ஒரே ஒரு வாந்தி. எனக்காக."

பூட்டுக்காரன் அவள் காலைப் பாயில் மெதுவாக இறக்கி வைத்தான். அவளுக்காக உயிரைக் கொடு என்றால்கூட யோசித்திருப்பான். வாந்தி கொடுக்க ஒரு நொடி யோசிக்கவில்லை. நேராக மேல் பிரிவுக்குப் போனான். "ஐயா, எனக்கும் வருது," என்று சொல்லி, வாளியை வாங்கி, தொண்டைக்குள் விரலை விட்டான்.

பளார் என்று விழுந்தது. "விரல் போட்டு எடுக்கிறது கள்ள வாந்திடா! இவன் கையைக் கட்டுங்கடா!" என்றான் நீலத் தொப்பி. கையைப் பின்னால் கட்டினார்கள். நேர்மையாக எடுக்கச் சொன்னார்கள். பூட்டுக்காரன் முக்கினான், முனகினான், தான் பார்த்த அத்தனை அருவருப்பையும் நினைத்துப் பார்த்தான். சாக்கடையை நினைத்தான். மாமனாரை நினைத்தான். ஒன்றும் வரவில்லை. கடைசியில் படையினருக்கே மனசு இளகி, ஒருவன் அவன் வயிற்றில் முழங்காலால் ஒரு இடி இடித்தான். வந்தது.

எல்லாரும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். "கஞ்சி," என்றான் ஒருவன் ஏமாற்றத்தோடு. "கோழி எங்கடா? அரசாங்கத்தை ஏமாத்தப் பாக்குறியா?" என்று மஞ்சள் தொப்பியும் சேர்ந்துகொண்டான். காலையில் ஒருத்தனை ஒருத்தன் கடித்துக் குதறிய ரெண்டு பிரிவும் இப்போது அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக நின்று அவனைப் புரட்டி எடுத்தார்கள். தடி, பூட்ஸ், முழங்கை, வாளியின் கைப்பிடி என்று கையில் கிடைத்ததெல்லாம் வேலை செய்தது. அதில் ஒரு குத்து சரியாகத் தாடையில் விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். வாளிக்குள் கடைவாய்ப் பல் கிடந்தது.

வாயெல்லாம் ரத்தம். ஆனால் வலி போன இடம் தெரியவில்லை. நாலைந்து நாளாகத் தூங்கவிடாத வலி. நன்றி சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது.

"ஐயா," என்றான் தரையில் கிடந்தபடியே, "பல்லு போயிடுச்சு. இனிமே என்னால மெல்ல முடியும். அந்தக் கோழியை எனக்கே குடுங்க. தின்னுட்டு, உங்க வாளியில, உங்க கண்ணு முன்னாடி, நேர்மையா எடுக்கறேன்."

படையினர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் சட்டத்தோடு இப்படி ஒத்துழைத்த குடிமகனை அவர்கள் கண்டதில்லை. நீலத் தொப்பி அவன் சட்டைத் தூசியைக்கூடத் தட்டிவிட்டான். எல்லாருமாக அவனை நடத்திக்கொண்டு தலைவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தால் திறந்துகொண்டது.

தலைவர் நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். நெற்றி முழுக்க முத்து முத்தாக வேர்வை. ஒரு கை வயிற்றில். மேஜை மேல் பூட்டுக்காரன் வீட்டுக் கோழிப் பாத்திரம். உள்ளே எலும்புகள். துடைத்து வைத்த மாதிரி சுத்தமான எலும்புகள். பக்கத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. அவர் வாயில் ஊறிய எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தார். அந்த முழியைப் பூட்டுக்காரனுக்கு அடையாளம் தெரிந்தது. காலையில் தொட்டிக்கு ஓடுவதற்கு முன்னால் அவன் மனைவி முழித்த அதே முழி.

"யாருடா உள்ள விட்டது..." என்று எழுந்தவர், தன் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே எடுத்தார். குடல் படத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை எடுத்தார். படம் கிழிந்து கொடிகளோடு அவர் மேலேயே விழுந்தது. கீழே மடங்கி உட்கார்ந்தவர் முகம் போன போக்கைப் பார்த்து, கீழ்ப் பிரிவும் தொப்பியைச் சரிசெய்துகொண்டது.

"சலைன்! சலைன் கொண்டு வாங்கடா!"

ஒருத்தரும் நகரவில்லை. நீலத் தொப்பி விறைப்பாக சல்யூட் அடித்தான். "ஐயா எத்தனை பேர் ஐயா?"

"என்னடா?"

"ஒருத்தர் எடுத்தா குணம் ஐயா. நீங்க சொன்னதுதான்."

பூட்டுக்காரன் வெளியே பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. அவன் குனிந்து, கட்டியிருந்த கையோடு மண்டி போட்டு, தலைவர் காதுக்குப் பக்கத்தில் போனான்.

"ஐயா, ரெண்டு பேர் இருக்கோம் ஐயா. அதாவது, இருக்கீங்க. எம்பொண்டாட்டி ஒண்ணு, நீங்க ஒண்ணு. ஒரே கோழி. எங்க வீட்டுக் கோழியைத் தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் தண்ணி ஏத்திடுவாங்க."

தலைவர் கண்ணைத் திறந்தார். ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் மானம். "நான்... எதையும் தின்னலை," என்றார். "ஆதாரத்தைத் திங்கறதுக்கு நான் என்ன நாயா? இது சொந்த வாந்தி." சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார்.

"எலும்பு கிடக்குதேய்யா!"

"கோழி... தானா... கரைஞ்சுபோச்சு."

பூட்டுக்காரன் வாழ்க்கையில் யார் மேலும் கை ஓங்கியவன் இல்லை. பேரம் பேசுகிறவனிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டான். ஆனால் நடைபாதையில் ஒருத்தி கண்ணீர் வராமல் அழுதுகொண்டு கிடக்கிறாள். இவன் தின்ற கோழியை இல்லை என்கிறான். பூட்டுக்காரனுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. முடிச்சு என்பதும் ஒரு வகைப் பூட்டுதானே, பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல்கள் அதை அவிழ்த்துவிட்டன. மேஜை மேலிருந்த பிரம்பை எடுத்தான். தலைவர் தோளில் ஒன்று வைத்தான்.

"என்னடா தின்ன?"

அறை விறைத்தது. பிரம்பு யார் கையில் இருக்கிறதோ அவனே கேள்வி கேட்கிற ஆள் என்பது படையின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மஞ்சள் தொப்பி தன்னையறியாமல் குதிகாலைச் சேர்த்து நின்றான். நீலத் தொப்பி வாளியை ஏந்தினான்.

"தின்னலை!"

இன்னொன்று. "ஒரே பாத்திரம், ஒரே எலும்பு, ஒரே வாந்தி. எப்படிடா?"

"அடிக்காதடா... ஐயோ... அடிக்காதீங்க!"

"யாரு கோழி? சொல்லு! யாரு வீட்டுக் கோழி?" மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. கிழிந்த சட்டையோடு, வாயில் ரத்தத்தோடு, கேவிக் கேவி அழுதுகொண்டே அடித்தான் பூட்டுக்காரன். அடிபட்டவரைவிட அடித்தவன் அதிகமாக அழுத விசாரணை அந்தப் படையின் சரித்திரத்தில் அது ஒன்றுதான்.

"உன் வீட்டுக் கோழி!" என்று அலறினார் தலைவர். "நான்தான் தின்னேன்! முழுசும் தின்னேன்! காலையும் நான்தான் தின்னேன்! அங்கீகாரம்! அங்கீகாரம்!"

"ரெண்டு!" என்று கோரஸாகக் கத்தினார்கள் இரு பிரிவினரும்.

பூட்டுக்காரன் அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நர்ஸ் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் மனைவியின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது. "அழறாங்க! அழறாங்க!" என்று நர்ஸ் சந்தோஷத்தில் கூவினாள். "பல்லு எங்கங்க?" என்று கேட்டாள் மனைவி. "உனக்காகத்தான்," என்றான் அவன். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துப் பாயில் தலைவர். அவர் கையிலும் ஒரு பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தெம்பு வந்ததும் படையைச் சுற்றி நிற்கவைத்து, படுத்தபடியே உரையாற்றினார். சாவி மறுபடி அவர் இடுப்பில் ஏறியிருந்தது.

"இன்னிக்கு நான் என் வயித்தையே பணயம் வச்சு ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கேன். பொதுமக்களுக்காக, தனி ஆளா, ஒரு முழுக் கோழியை எதிர்கொண்டேன். அதுல தெரிஞ்சது என்ன? நம்ம சட்டத்துல பெரிய ஓட்டை. ரெண்டு பேர்ங்கறது ரொம்பச் சுலபமா சேர்ந்துடுது. யாரு வேணா யாருகூட வேணா சேர்ந்து வாந்தி எடுத்துட்டுப் போயிடலாம். அரசாங்கச் சொத்து இப்படியா கரையணும்?" குரல் தழுதழுத்தது. "இனிமே மூணு பேர். இந்த நிமிஷத்துலேர்ந்து மூணு."

படை கைதட்டியது. லாக்கப்பிலிருந்து கோழிக்கடைக்காரரும் பயத்தில் கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வாசலில் சத்தம். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் திட்டோடு ஒரு பெயிண்டர், தன் தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அவள் தலை தொங்கிக் கிடந்தது. வழியெல்லாம் எடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, அவன் முதுகு நனைந்திருந்தது.

"எத்தனை பேர்?" என்றான் வாசலில் நின்ற காவல்காரன்.

"நாங்க ரெண்டு பேருங்க. எனக்கும் வயித்தைக் கலக்குதுங்க, வழியில நானும் எடுத்தேன். ஒரே முட்டைதான் தின்னோம்."

"மூணாவது ஆளைக் கூட்டிட்டு வா. காலைல வந்திருந்தா ரெண்டு போதும்."

பெயிண்டர் தங்கையைப் பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் கிடத்தினான். நர்ஸ் குனிந்து அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு அப்படியே நின்றது. நர்ஸ் நிமிர்ந்து பூட்டுக்காரனைப் பார்த்தாள். அவன் மனைவியும் பார்த்தாள்.

பூட்டுக்காரன் எழுந்தான். உடம்பில் வலிக்காத இடம் இல்லை, பல் இருந்த இடத்தைத் தவிர. "சிஸ்டர், அந்தக் கொண்டை ஊசியைக் கொஞ்சம் குடுங்க," என்றான். நர்ஸ் கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள். அவன் பீரோவுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"யோவ்! யாரைக் கேட்டுய்யா பூட்டுல கை வைக்கிற?" என்று தடியை ஓங்கிக்கொண்டு வந்தான் காவல்காரன்.

"உடையவங்க பக்கத்துல இல்லாம நான் எந்தப் பூட்டையும் தொட மாட்டேங்க," என்றான் பூட்டுக்காரன். ஊசி முனையால் தரையில் கிடந்த பெண்ணைக் காட்டினான். "இதோ, பக்கத்துலதான் இருக்காங்க."

தடி முதுகில் விழுந்தது. அதற்குள் பூட்டு திறந்திருந்தது.